படலைக்கு வெளியே தொங்கிய குளிசைப் பை

நான் ஓய்வு பெற்ற அன்று திருப்பிக் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்த அரசாங்கச் சொத்து ஒன்று இருக்கிறது. ஒரு ரோச் லைற். தேங்கிய தண்ணீரில் நெளியும் நுளம்புக் குடம்பி தேடுவதற்காகத் தந்தது. களஞ்சியப் பொறுப்பாளர் இதை வாசித்தால் வந்து வாங்கிக்கொள்ளட்டும், பற்றரி மட்டும் என்னுடையது. கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த ரோச் லைற்தான்.

மருந்துகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் சேர்ந்த காலத்தில் ஆளுக்கு ஒரு பிடி குளிசை, இப்போது பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒன்று. எச்.ஐ.வி. உள்ள ஒருவர் அதைத் தவறாமல் போட்டுவந்தால் கிருமி அடங்கிக் கிடக்கும், அவர் பேரப்பிள்ளை காணும்வரை இருப்பார், வயிற்றில் பிள்ளை இருந்தால் அதற்கும் தொற்றாமல் காக்கலாம். இவ்வளவும் பாடம். ஆனால் அந்தக் குளிசைக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு வீடு இருக்கிறது, வீட்டைச் சுற்றி வேலி இருக்கிறது, வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் ஊர் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் உங்களுக்கு வகுப்பு எடுத்திருக்க மாட்டார்கள்.

கிளினிக்கோடு இணைக்கப்பட்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தேன். சனங்கள் சொல்வது பி.எச்.ஐ. ஐயா. வன்னியில் பி.எச்.ஐ.யின் மோட்டார் சைக்கிள் ஒரு வீட்டு வாசல் படலையில் நின்றால், பின்னேரத்துக்குள் அந்த ஒழுங்கை முழுவதும் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கும். ஆகவே எனக்கு ஒரு முறை இருந்தது. ஒரு நோயாளி தானாக விரும்பி வரச் சொன்னால் மட்டும் போவேன். போவதென்றால் ஒழுங்கையின் முதல் வீட்டிலிருந்து தொடங்குவேன். வாளியைக் கவிழ்ப்பேன், பழைய ரயருக்குள் ரோச் அடிப்பேன், தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பேன், சிரட்டை கிடந்தால் ஏசுவேன். அப்படியே வீடு வீடாக வந்து, போகவேண்டிய வீட்டிலும் அதே மாதிரி நுழைந்து, அங்கே மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்பேன். என் நோயாளிகள் இருந்த ஒழுங்கைகளில் டெங்கு குறைவு. இதற்காக ஒரு கூட்டத்தில் என்னைப் பாராட்டியும் இருக்கிறார்கள். நான் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டு நின்றேன்.

இவ்வளவு மறைப்பு எதற்கு என்று கேட்பீர்கள். பூவரசங்குளத்தில் ஒருவர் இருந்தார். பக்கத்தில் கிளினிக் இருந்தும் அங்கே போகாமல், தெரிந்த முகம் எதுவும் இருக்காது என்று இரண்டு பஸ் ஏறித் தூர இடத்துக் கிளினிக் ஒன்றுக்குப் போய்வந்தார். ஒருநாள் அங்கே நோயாளிகள் காத்திருக்கும் வாங்கில் பக்கத்தில் வந்து இருந்தவர், ஊரில் வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அவருடைய பின்வளவுக்காரர். இரண்டு பேரும் ஒரே மூச்சில் பல்லுக் காட்ட வந்ததாகச் சொன்னார்கள். பல் வைத்தியரோ கட்டடத்தின் மற்றத் தொங்கலில். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம், பிறகு ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். இப்போது ஒரே மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார்கள், ஒருவர் மறந்தால் மற்றவர் ஞாபகப்படுத்துகிறார். எல்லோருக்கும் அப்படி ஒரு பின்வளவுக்காரர் கிடைப்பதில்லை. கிடைக்காதவர்களுக்குத்தான் நாங்கள்.

என்னை இந்த வேலைக்குப் பழக்கியவர் ஒரு வைத்தியர் அம்மா. பெயர் சொன்னால் கோபிப்பார். சேர்ந்த புதிதில் ஒரு நோயாளியை நிறுத்திவைத்து, ஏன் குளிசையை விட்டீர், ஏன் சொன்னதைக் கேட்பதில்லை என்று நான் விளாசிக்கொண்டிருந்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைப்பு. அந்த மனிதர் போனபின் வைத்தியர் அம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

“ஏன் எண்டு கேட்டால் பொய்தான் வரும். அது பொலிஸ்காரன்ர கேள்வி. என்ன இடைஞ்சல் எண்டு கேளுங்கோ.”

நான் இந்த வேலையில் கற்ற ஒரே தொழில்நுட்பம் இதுதான். இதை ஒருமுறை மிகவும் நெருக்கடியான இடத்தில் பயன்படுத்த வேண்டி வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அவளை வதனி என்று வைத்துக்கொள்வோம், ஊரை மல்லாவிப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் உண்மையல்ல. வதனிக்கும் கணவனுக்கும் எச்.ஐ.வி. இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நான் கேட்டதில்லை, நீங்களும் ஒருநாளும் கேட்க வேண்டாம், அந்தப் பதிலால் குணமாகும் நோய் எதுவும் கிடையாது. கணவன் வவுனியாவில் ஓர் அரிசி ஆலையில் வேலை, கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவான். வீட்டில் வதனியும், மாமியாரும், மாமியார் வளர்த்த பேத்தி ஒருத்தியும். மாமியாருக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் தன்னை வீட்டில் வைத்திருக்க மாட்டார் என்று வதனி உறுதியாக நம்பினாள். அவளுக்குப் போக வேறு இடமும் இல்லை, தாய் தகப்பன் இரண்டு பேரும் யுத்தத்தில் போய்விட்டார்கள்.

அவள் வயிற்றில் ஏழு மாதம். குடும்பநல மாது கொடுத்த இரும்புச்சத்துக் குளிசைகளோடு எங்கள் குளிசையையும் ஒரே பையில் போட்டு, எல்லாம் பிள்ளைக்குத் தந்தது என்று சொல்லி வைத்திருந்தாள். நல்ல ஏற்பாடு. மாமியாரே சில நாட்களில் குளிசை போட்டாயா என்று கேட்பாராம். எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

ஒருநாள் மத்தியானம் அவளிடமிருந்து அழைப்பு. கிணற்றடியில் நின்று கதைக்கிறாள் என்பது கப்பிச் சத்தத்தில் தெரிந்தது.

“ஐயா, வீட்டில அம்மாள் வந்திருக்கிறா.”

பேத்திக்கு உடம்பெல்லாம் கொப்புளிப்பான் அம்மை போட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அதை நோய் என்று சொல்வதில்லை, அம்மாள் வந்திருக்கிறா என்றுதான் சொல்வோம். படலையில் வேப்பிலை கட்டிவிடுவார்கள். வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது, தாளிக்கக்கூடாது, மச்சம் மாமிசம் கூடாது, சத்தம் போட்டுக் கதைக்கக்கூடாது. முக்கியமாக, வீட்டுக்குள் மருந்து இருக்கக்கூடாது. வந்திருப்பவளை மருந்து கொடுத்துத் துரத்துவதுபோல் ஆகிவிடும் என்ற பயம். தலைக்கு மூன்றாம் தண்ணீர் வார்த்து அம்மாளை வழியனுப்பும்வரை இதுதான் ஒழுங்கு. பல வீடுகளில் இப்போது தளர்ந்துவிட்டது. அந்த வீட்டில் தளரவில்லை. மாமியார் வீட்டிலிருந்த தைலம், பனடோல், குளிசை எல்லாவற்றையும் அள்ளி ஒரு சொப்பிங் பையில் போட்டு, படலைக்கு வெளியே நின்ற பாலை மரத்தின் கொப்பில் கட்டித் தொங்கவிட்டுவிட்டார். வதனி மூன்று நாட்களாகக் குளிசை போடவில்லை, ஒருக்கா வேலியடிக்கு வரச் சொன்னாள்.

கிளினிக் வைத்தியரிடம் ஓடினேன். அவர் முதலில் கேட்டது வதனிக்குக் கொப்புளிப்பான் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று. நல்ல காலம், சிறுவயதில் வந்து போயிருந்தது. அந்தப் பயம் தீர்ந்தது. மற்றப் பயத்தை அவர் ஒளிக்காமல் சொன்னார். பிள்ளை பிறக்கும் நேரம் கிட்டிக்கொண்டிருக்கிறது, இந்தக் கட்டத்தில் கிருமி மறுபடி தலைதூக்கினால் பிள்ளைக்குப் போகலாம், இன்றைக்கே தொடங்கியாக வேண்டும். எங்களோடு இருந்த இளம் தாதி ஒருத்தி, வேலிக்கு மேலால் புதுப் போத்தல் ஒன்றைக் கொடுத்துவிட்டு வரலாமே என்றாள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஒரு போத்தலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ரோச் லைற்றையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

வழமைபோல ஒழுங்கையின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன். அன்றைக்கு நான் பார்த்த வாளிகளில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. வதனி வீட்டுப் பின்பக்கக் கோடி வேலிக்குப் போனபோது அவள் உடுப்பு உலர்த்திக்கொண்டு நின்றாள். போத்தலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“எனக்கும் பயமாக் கிடக்கு ஐயா. நான் களவாப் போட்டு, பிள்ளைக்கு ஏதும் நடந்திட்டால்?”

அவள் பிள்ளை என்றது உள்ளே வேப்பிலைப் படுக்கையில் கிடந்த சின்னவளை. நான் திகைத்துப் போனேன். மாமியாரை ஏமாற்றுவதற்கு எல்லா ஆயத்தமும் செய்துகொண்டு வந்தவன், வதனியும் அதே அம்மாளைக் கும்பிட்டு வளர்ந்த பெண் என்பதை யோசிக்கவே இல்லை. மாமியார் அறியாமல் குளிசை போட அவளால் முடியும். சின்னவளுக்குக் காய்ச்சல் ஏறினால் அந்தப் பழியைத் தன் தலையில் சுமக்க அவளால் முடியாது. அந்த இடத்தில் நான் என்ன விஞ்ஞானம் சொல்லியும் பிரயோசனமில்லை. மாமியார் சம்மதிக்காமல் அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்பது விளங்கிவிட்டது. மாமியோடு கதைக்கட்டுமா என்று கேட்டேன். எச்.ஐ.வி. என்ற வருத்தத்தின் பெயரைச் சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தபின் தலையாட்டினாள்.

கோடியிலிருந்து படலைக்கு நடந்த தூரம் கொஞ்சம்தான். அதற்குள் என் புத்தி பல குறுக்கு வழிகளுக்குப் போய்வந்தது. கோயில் பூசாரியை எனக்குப் பழக்கம். அம்மாள் உத்தரவு கொடுத்துவிட்டா என்று அவரைக் கொண்டு ஒரு வார்த்தை சொல்லுவிக்கலாம், உதவி என்று கேட்டால் செய்வார். கெட்டித்தனமான யோசனைதான். ஆனால் மனம் ஒப்பவில்லை. நுளம்பைச் சாட்டி வீடுகளுக்குள் போவது ஒரு மனிதரின் மானத்தைக் காப்பாற்ற. ஒரு கிழவியின் தெய்வத்தைச் சாட்டி அவரை ஏய்ப்பது வேறு. அது ஒருநாள் வெளிப்பட்டால் அந்த வீட்டில் எங்கள் சொல் எதுவும் அதன்பிறகு எடுபடாது.

மாமியார் படலைக்கு உட்பக்கம் வந்து நின்றார். நான் வெளிப்பக்கம். நடுவில் வேப்பிலை. என் தலைக்கு மேல் பாலைக் கொப்பில் அந்தப் பை வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது. கர்ப்பிணிக்குக் கொடுத்த குளிசையை ஏன் வெளியில் கட்டினீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். வதனி தன் குளிசைகளைப் பற்றிக் கேட்டு கிளினிக்குக்குக் கதைத்ததாகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “என்ன இடைஞ்சல் அம்மா?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏச்சு வரும் என்று நினைத்தேன். அவர் படலைத் தடியைப் பிடித்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினார். யுத்தம் முடிந்து முகாமில் கூடாரத்துக்குள் இருந்த காலத்தில் அவருடைய கடைசி மகளுக்கு அம்மாள் வந்ததாம். படுக்க வேப்பிலை இல்லை, வார்க்கத் தண்ணீர் இல்லை, தண்ணீருக்கு வரிசை. ஒன்றும் செய்ய வழியில்லாமல், தந்த குளிசையைக் கொடுத்தாராம். மற்ற நாள் மகள் இல்லை.

“ஷெல்லுக்குள்ளால கொண்டுவந்த பிள்ளை ஐயா. நான் என்ர கையால குடுத்தனான்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தக் குழந்தையின் சாவுக்குக் குளிசை காரணமில்லை என்று எனக்குத் தெரியும். அந்த நெரிசலில் கண்ட கிருமியும் பரவும், அதற்குமேல் பட்டினியும் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அதை விளக்கத் தொடங்குவது, நீ இவ்வளவு காலமும் அழுதது பிழையான காரணத்துக்கு என்று சொல்வதாகும். நான் விளக்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு என்னால் பொய்யில்லாமல் சொல்லக்கூடியதை மட்டும் சொன்னேன். பாலை மரத்தில் தொங்குவதில் ஒரு குளிசை வயிற்றுப் பிள்ளைக்கு வருத்தம் அண்டாமல் மறிப்பதற்கு. அது அம்மாளுக்குக் கொடுக்கும் மருந்தல்ல, உள்ளே கிடக்கிற பேத்திக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒருநாளும் விடாமல் போட்டால்தான் அது மறிக்கும், ஏற்கெனவே மூன்று நாள் போய்விட்டது. எப்படிச் செய்யலாம் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும் என்று கேட்டேன். தந்திரமாகக் கேட்கவில்லை, எனக்கு உண்மையிலேயே வழி தெரியவில்லை.

மருந்து படலைக்குள் வரக்கூடாது, அதில் மாற்றமில்லை என்றார். வதனி வெளியே வந்து போடலாமே என்றேன். வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே வருவதும் வருவதுதானே என்றார். அவர்தான் பதிலையும் கண்டுபிடித்தார். உள்ளே போய்ச் சின்னவளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தார். அம்மாளிடம் கேட்டாரா, தன் மகளிடம் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

“மருமகள் வெளியில வந்து போடட்டும். மஞ்சள் தண்ணியில காலைக் கழுவிக்கொண்டு உள்ளுக்கு வரட்டும். குளிசையை நான் குடுக்கிறன். ஏதும் பிழை வந்தால் என்னோட போகட்டும்.”

அன்று பின்னேரம் நான் ஒழுங்கையின் கடைசி வீட்டு வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டு நின்று பார்த்தேன். மாமியார் முன்னால் வந்து பையை அவிழ்த்தார். வதனி பாலை மரத்தடியில் நின்று வாயைத் திறந்தாள். அதற்கு முன்பே என் சட்டைப் பையிலிருந்த போத்தலை அதற்குள் போட்டு, அதே மரத்தின் நிழல் பக்கம் கட்டியிருந்தோம், வெயிலில் காய்ந்ததை வாங்கிக்கொண்டேன். மூன்றாம் தண்ணீர் வார்க்கும்வரை ஒருநாளும் தவறவில்லை. அம்மாள் நல்லபடியாகப் போனா, சின்னவளும் எழுந்து விளையாடத் தொடங்கினாள். அதன்பிறகு பை வீட்டுக்குள் போனது. ஆனால் குளிசை கொடுக்கும் பொறுப்பை மாமியார் திருப்பிக் கொடுக்கவே இல்லை. சாமிக்கு விளக்கு வைத்த கையோடு வதனியைக் கூப்பிட்டு, முன்னால் நிறுத்தி, கொடுப்பாராம். எங்கள் கிளினிக்கில் எவ்வளவோ பேருக்கு எவ்வளவோ ஆலோசனை சொல்லியிருக்கிறோம். இப்படி ஒரு துணையை எங்களால் யாருக்கும் ஏற்படுத்திக் கொடுக்க முடிந்ததில்லை.

ஆண் குழந்தை. பிறந்தபின் செய்யவேண்டிய பரிசோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்தோம். ஒவ்வொன்றுக்கும் நான் கோயில் பக்கம் போகாதவன்போல் இருந்துகொண்டு மனதுக்குள் நேர்த்தி வைத்தேன். ஒன்றரை வயதில் செய்த கடைசிப் பரிசோதனையில் பிள்ளைக்குத் தொற்று இல்லை என்று வைத்தியர் உறுதியாகச் சொன்ன அன்று, வதனி கிளினிக் கதிரையிலிருந்து எழும்பவே இல்லை, சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கணவன் வெளியே போய் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

அடுத்த கிழமை வதனி வீட்டுக்கு வரச் சொன்னாள், பிள்ளை ஓடித்திரிவதைப் பார்க்கலாமாம். வழமைபோல் ரோச் லைற்றோடு முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன். அவர்கள் படலைக்குள் நுழைந்ததும் பிள்ளை வந்து என் காலைப் பிடித்தது. தேத்தண்ணீர் வந்தது. குடித்து முடித்துப் புறப்பட எழும்பியபோது மாமியார் கிணற்றடிப் பக்கம் கையைக் காட்டினார்.

“எல்லாற்ற வீட்டிலயும் வாளி, தொட்டி ஒண்டும் விடாமப் பாக்கிறியள். எங்கட தொட்டியை மட்டும் ஒருநாளும் பாக்கேல்லை.”

உண்மைதான். எத்தனையோ தடவை அந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன், வதனியைப் பற்றிய யோசனையில் ஒருதடவைகூட அந்தத் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. ஒழுங்கை முழுவதையும் ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவன் அவர் கண்ணில் மட்டும் அகப்பட்டிருக்கிறேன். வதனி குசினி வாசலில் அசையாமல் நின்றாள். அவர் எவ்வளவு காலமாக இதைக் கவனித்திருக்கிறார், எதுவரை விளங்கியிருக்கிறார், வருத்தத்தின் பெயர் தெரியுமா தெரியாதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, வதனி சொல்லச் சொல்லாததை நானும் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் தொட்டியடிக்குப் போய் ரோச் அடித்தேன். உள்ளே குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன.

மாமியார் எனக்குப் பக்கத்தில் வந்து தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு, குசினி வாசலில் நின்றவளுக்கும் கேட்கும்படி சொன்னார்:

“குளிசையை நான் பாக்கிறன் ஐயா. நீங்கள் நுளம்பைப் பாருங்கோ.”